குண்டு மெஷினில் ஒரு முகம்

ஒதியம்பட்டில் சூசைநாதனின் வீடு ஒரே அறைதான். அந்த அறையில் பாதியை ஒரு விளையாட்டு மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. நாலு கால், சாய்வாக ஒரு வர்ணப் பலகை, அதற்கு மேலே கண்ணாடி மூடி. தலைமாட்டில் ஒரு பெட்டி, அதன் முகப்பில் படம் தீட்டிய இன்னொரு கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, அங்கே இங்கே முட்டி மோதிக்கொண்டு கீழே வரும். அது முன்னால் இருந்த வெள்ளைக்காரர் வீட்டில் அதற்குப் பிலிப்பர் என்று பேர். ஊரில் குண்டு மெஷின். கரண்டு இல்லாத வீட்டில் அது எரியவும் எரியாது, மணியும் அடிக்காது. இருந்தும் மகாராஜா மாதிரி நடுவீட்டில் அது நிற்க, எட்டு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் அதன் காலடியில் முடங்கிப் படுத்தார்கள்.

சூசைநாதன் அதை வாங்கவும் இல்லை, யாரும் அதை அவருக்கு இனாமாகக் கொடுக்கவும் இல்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் விட்டுவிட்டுப் போன பொருள் அது.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டில் பதினாறு வருஷம் சமையல் செய்கிற குசினிக்காரராக இருந்தவர் சூசைநாதன். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும், அவர் முசியே என்று கூப்பிடுகிற அந்த அதிகாரி மூட்டை கட்டினார். முசியேவின் மனைவி மதாமின் கைக்குழந்தை சூசைநாதனின் மகள் லூர்தம்மாளின் இடுப்பை விட்டு இறங்காது. கப்பலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ரெண்டு வருஷத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று மதாம் கேட்டார். லூர்தம்மாளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பெண்டாட்டி காசம்மாள் ஒரே பிடியாக மாட்டேன் என்றாள். சூசைநாதன்தான் சரி என்றார். மகள் காலில் பூட்சு போட்டுக்கொண்டு பனியில் நடப்பதை அவர் மனசுக்குள் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு பெண்டாட்டி பேச்சு காதில் ஏறுமா?

கடற்கரையில் படகு ஏறும்போது முசியே அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். "என் பிலிப்பரை நீ பார்த்துக்கொள். உன் பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கீறல் இல்லாமல் திருப்பித் தருவோம், என்ன?"

முசியே அதை விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. சூசைநாதன் சத்தியமாக எடுத்துக்கொண்டார். மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு மெஷினை ஊருக்குக் கொண்டுவந்தார். ஒருத்தரையும் தொட விடவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கண்ணாடி மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பலகையைத் துடைத்தார். பெட்டியின் பின்கதவைத் திறந்து படக் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைத்தார். படத்தில் ஒரு சர்க்கஸ்காரப் பெண், சிவப்புப் பாவாடையோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைத்தான் கூடக் கொஞ்ச நேரம் துடைப்பார். மகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே துடைப்பார்.

முதல் மூணு வருஷம் மதாம் கைப்பட ஐந்து கடிதம் வந்தது. அடியில் கோணல்மாணலாக லூர்தம்மாளின் கையெழுத்து. ஐம்பத்தேழு கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. சூசைநாதன் எழுதச் சொல்லிப் போட்டதெல்லாம் கடலில் போட்ட மாதிரி போயிற்று.

பிறகு அறுபத்திரண்டு ஆகஸ்டில் இரண்டு தேசமும் காகிதம் மாற்றிக்கொண்டு, புதுச்சேரி ஒப்படைப்பு சட்டப்படி முடிந்தது என்றார்கள். அடுத்த மாதமே முசியேவிடமிருந்து கடிதம். நாலே வரி. வில்லியனூர் மாதா கோயில் சாமியார் படித்துச் சொன்னார். முசியேவின் சிநேகிதர் ஒருத்தர் வேலையாகப் புதுச்சேரிக்கு வருகிறார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூசைநாதனின் வீட்டுக்கு வந்து மெஷின் விஷயம் பேசுவார். மகளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"நேர்ல சொல்றதுக்கு வெச்சிருப்பாரு," என்றார் சூசைநாதன் வீட்டுக்கு வந்து. "மெஷின வாங்கிக்கினு பொண்ண அனுப்புறாங்க. நாட்டையே திருப்பிக் குடுத்தவங்க, ஒரு பொண்ணக் குடுக்க மாட்டாங்களா?"

காசம்மாள் நடவிலிருந்து வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் மகளைப் பற்றிப் பேச்செடுத்தே நாலைந்து வருஷம் ஆகிறது.

அன்றைக்குத்தான் சூசைநாதன் மெஷினை வந்து பார்க்கிறவனின் கண்ணோடு பார்த்தார். பலகையில் நீலம் வெளுத்து மரம் தெரிந்தது. குழிகளைச் சுற்றி எண்கள் பாதிக்குப் பாதி இல்லை. படக் கண்ணாடியில் ஊஞ்சல் இருந்தது, பாவாடை இருந்தது, அந்தப் பெண்ணுக்கு முகம் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் வர்ணம் போய், பின்னாலிருந்த கதவுப் பலகை தெரிந்தது. குண்டு ஓடித் தேயவில்லை, பிள்ளைகள் ஆடித் தேயவில்லை. அத்தனையும் அவர் கைத்துணியின் வேலை. அதை அவரே ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒரு கீறல் இல்லாமன்னு சொன்னாரே," என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "மொகத்தையே தொடச்சித் தள்ளிட்டேனேடி. நான் இப்படிக் குடுத்தா, அவரு எப்படிக் குடுப்பாரு?"

ஐயனார் குதிரைகளுக்கு வர்ணம் பூசுகிற தணிகைவேல் நினைவுக்கு வந்தான். சின்ன வயசுச் சிநேகிதம். சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயில் குதிரையானாலும் அவன் கைதான். மறுநாளே எனாமல் டப்பாக்களும் அணில்வால் மயிர்த் தூரிகைகளுமாக வந்துவிட்டான்.

"இதுக்கு இன்னா பூசையா பண்ணப் போறே?" என்று மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "எங்க முனீஸ்வரன் கூட இவ்ளோ எடம் கேக்க மாட்டாருப்பா."

விஷயத்தைக் கேட்டதும் கேலியை விட்டுவிட்டான்.

மூன்று நாள் பலகை வேலை. புதுச் சிவப்பு பழைய சிவப்போடு ஒட்டாது என்று துளி கருப்பு கலந்தான். நீலத்தில் கொஞ்சம் மஞ்சளை விட்டு வெயில் பட்ட நீலமாக்கினான். இந்த எண்கள் அவனுக்குப் படிக்க வராது. படம் எழுதுவது போல எழுதினான். ஒட்டு எங்கே, பழசு எங்கே என்று சூசைநாதனுக்கே தெரியவில்லை. தடவிப் பார்க்கப் போன கையைத் தணிகைவேல் தட்டிவிட்டான்.

"தொட்டுத் தொட்டுத்தானே இந்தக் கதி. கைய வெச்சிக்கினு சும்மா இருப்பா."

வெள்ளிக்கிழமை படக் கண்ணாடியைக் கழற்றிப் பாயில் குப்புறப் போட்டான். வர்ணம் உள்பக்கத்தில் இருந்ததால், வேலையும் உள்பக்கத்தில்தான். "வெள்ளக்காரி மொகம் எப்படிப் போடணும்?"

சூசைநாதன் கொஞ்சம் தயங்கினார். "கண்ணு மட்டும் நம்ம லூர்து கண்ணாப் போடுறியா? வர்றவரு பாத்தாருன்னா, போயிச் சொல்லுவாரு."

அப்படிச் சொன்னவருக்கு அந்தக் கண்ணைச் சொல்லத் தெரியவில்லை. பெரிய கண் என்றார். கருப்பு என்றார். அதற்கு மேல் வரவில்லை. மகளின் கண் மறந்துபோயிற்று என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுப்படியிலிருந்து காசம்மாள் பேசினாள். "எடது ரெப்ப கொஞ்சம் எறங்கி இருக்கும். தூக்கம் வர்ற மாதிரியே. புருவத்து ஓரமா கருவேல முள்ளு கீறுன தழும்பு. சிரிச்சா ஒரு கண்ணு மொதல்ல சிரிக்கும், இன்னொண்ணு அப்புறமாச் சிரிக்கும்." சொல்லிவிட்டு அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

தணிகைவேல் தலையை ஆட்டிக்கொண்டான். அன்றைக்கே முகம் முழுக்கத் தோல் நிறம் பூசிக் காயவிட்டான். சனிக்கிழமை விடியலில் குளித்துவிட்டு வந்து இருவரையும் வெளியே அனுப்பினான். "கண்ணு கடைசிலதான். தெறக்கும்போது எதுக்க யாரும் நிக்கக் கூடாது. அது குதிரையானா இன்னா, சர்க்கஸ்காரியானா இன்னா."

அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியைப் பெட்டியில் பொருத்தி, பின்கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டான். மூவரும் முன்பக்கம் வந்து நின்றார்கள்.

ஊஞ்சலில் இருந்தவளுக்கு முகம் வந்திருந்தது. கண் இல்லை. வழவழவென்று தோல் நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

தணிகைவேல் கிட்டப் போய்ப் பார்த்தான், திரும்ப எட்ட வந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் எழுதும்போது முதலில் பூசுவதுதான் முன்னால் தெரியும். கண்ணை முதலில் எழுதி, அதன்மேல் தோலைப் பூசியிருக்க வேண்டும். முப்பது வருஷமாகக் கண்ணைக் கடைசியில் திறந்த கை, இங்கேயும் கடைசியில்தான் திறந்தது. கண்கள் தோலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மோசம் பண்ணிட்டேன் சூச," என்றான். "கண்ணு இருக்குது. நல்லாவும் வந்திருக்குது. பின்னால இருக்குது."

"சொரண்டிட்டு மறுபடியும் போட முடியாதா?"

"ஈரத்துல சொரண்டினா பக்கத்துல இருக்குற பழசும் சேந்து வந்துடும். காயணும். எட்டு நாள் ஆவும்."

முசியேவின் சிநேகிதரோ நாளைக்கு வருகிறார். அன்று இரவு தணிகைவேல் சாப்பிடாமலே போனான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சூசைநாதன் வீடு வந்து சேரவும் வாசலில் கார் நிற்கவும் சரியாக இருந்தது. இளவயசு வெள்ளைக்காரர். தலையைக் குனிந்து உள்ளே வந்தார். சூசைநாதன் தன் குசினிப் பிரெஞ்சில் வரவேற்றுவிட்டு, ஓடிப்போய்ப் படக் கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். வந்தவர் பலகையைப் பார்த்தார், சிரித்தார், ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். குண்டு மேலே போய்க் கடகடவென்று இறங்கிக் குழியில் விழுந்தது.

"புதுசு மாதிரி வைத்திருக்கிறாயே," என்றார். "என் நண்பர் கேட்டால் சந்தோஷப்படுவார்."

சூசைநாதனுக்கு உயிர் வந்தது. "எப்போது அனுப்ப வேண்டும் முசியே? வண்டி நானே பிடிக்கிறேன்."

"அனுப்பவா? அதைச் சொல்லத்தான் வந்தேன். அதெல்லாம் வேண்டாமாம். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டாய், அதனால் இது இனி உனக்கே. நீயே வைத்துக்கொள்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். "அவர் வரமாட்டாரா?" என்று கேட்டார் சூசைநாதன்.

"இவ்வளவு தூரம் எதற்கு வரப்போகிறார்?"

"என் மகள்? லூர்தம்மாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப்போனார்கள்."

வந்தவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நாலு வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். ஒரு பையன் இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். வேறு யாரையும் நான் பார்த்ததில்லையே. ஒருவேளை எனக்கு முன்னால் இருந்திருக்கலாம். எழுதும்போது கேட்கிறேன்." சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று முறை கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் எதையோ எழுதி மூடி வைத்தார். கை குலுக்கிவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காசம்மாள் வாசலில் நின்றாள். உள்ளே வந்து, "இன்னா சொன்னாரு?" என்றாள்.

"மெஷின நம்மளயே வெச்சிக்கச் சொல்ட்டாரு."

அவள் அவரையே பார்த்தாள். அழவில்லை. "அப்ப அவள அவங்க வெச்சிக்கினாங்க," என்றாள். பிறகு, "வெச்சிக்கினாங்களா, தொலச்சாங்களா," என்றாள்.

சூசைநாதன் மெஷின் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமும் மெஷின் அவரிடம் இருந்தது, அதனால் மகளும் எங்கோ ஒரு வீட்டில் பத்திரமாக இருந்தாள். கேட்கிறவனுக்குக் கொடுக்க அவர் கையில் ஒரு பொருள் இருந்தது. இப்போது அதைக் கேட்க யாரும் இல்லை. பலகையைப் புதுசாக்கியதற்காகத் தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. யாருக்காக அந்த நீலம், யாருக்காக அந்த எண்கள்?

காசம்மாள் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தாள். பெட்டியின் பின்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் அவள் அங்கேயே நின்றாள். மெஷினின் கால்கள் லேசாக ஆடின. அவள் அதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"இங்க வந்து பாருய்யா," என்றாள் உள்ளேயிருந்து. "அவ கண்ணுதான். ரெப்ப எறங்கி, அப்படியே இருக்குது. தழும்பு கூடப் போட்டிருக்கான்."

சூசைநாதன் முன்பக்கம் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அந்த வழவழப்பான வட்டம் மட்டும்தான். பின்பக்கம் போக நாலு எட்டு. அவர் ஒரு எட்டு வைத்தார், பிறகு நின்றுவிட்டார்.

"நான் வரல," என்றார். "பாத்தேன்னா தொடைக்கணும்னு தோணும்."