யூஜினி வீட்டுக் கம்பிக்கூடைச் சுவர்

1

இந்தக் கதை ஒரு கோழியால் வந்தது. முந்தலுக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் யூஜினி கட்டிய சுவரைத் தன் கூடென்று நம்பி அது உள்ளே நுழையப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். நுழைந்து இருபது முட்டையும் இட்டது. (முட்டை என் சொந்தச் சரக்கு. ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேலை?)

2

முதல் தொடக்கம்: ‘மலைச்சரிவின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த அந்த வீடு...’

வேண்டாம். புத்தளக் கரையில் மலைக்கு நான் எங்கே போவேன்? இங்கே உயரமாக நிற்பது தென்னை மட்டும்தான்.

இரண்டாவது: போர் முடிந்து சில மாரிகள் கழிந்திருந்தன. ஒரு மழையில் யூஜினி வீட்டின் பின்கரை சரிந்து விழுந்தது. சமைக்கிற குசினிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்தான் மிச்சம். இன்னொரு தரம் சரிந்தால் குசினி தண்ணீருக்குள்.

(பாய் உண்மை. தலையணையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

3

கொங்கிறீற் சுவர் யூஜினி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. வந்து பார்த்த பொறியியலாளர் கம்பிக்கூடைச் சுவரைச் சொல்லிக்கொடுத்தார். துருப்பிடிக்காத கம்பியில் பின்னிய பெட்டிகள். அவற்றுக்குள், கம்பிக்கண்ணைவிடப் பெரிய கற்களாக நெருக்கி அடுக்கவேண்டும். சுவர் கரைப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும். பின்னால், மண்ணை மறித்துத் தண்ணீரை விடுகிற துணி. மழைநீர் கல்லிடுக்கால் வடிந்து போய்விடும்; தேங்கி நின்று சுவரைத் தள்ளாது.

மதுரங்குளி ஜபார் நானாவின் லொறியில் கருங்கல் வந்தது. கிழிந்த வலை பொத்திப் பழகிய கையால் யூஜினி கம்பியை முறுக்கிக் கட்டிய வேகம் [இங்கே மின்னலைப் பற்றி ஒரு உவமை இருந்தது, மின்னலுக்கே வெட்கமாகப் போனதால் வெட்டிவிட்டேன்].

4

கணவன் அமல்ராஜ் மேசன். இந்தப் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. அளவுக்கு மீறி அழகு பார்ப்பான். கோயில் திருநாளுக்குப் புனிதர் சிலையைச் சுமந்த ஊர்வலம் எதிர்க்கரையால் வரப்போகிறது.

“சுருவம் போறப்போ சனம் நம்ம கோழிக்கூட்டையா பாக்கணும்? சீமெந்து பூசினா மாளிகை மாதிரி இருக்கும்.”

“பூசினா தண்ணி எங்கால போறது?”

“தண்ணிக்கு வழி தெரியும்.”

“ஓம், என்ட குசினிக்குள்ளால.”

அவள் பூசைக்குப் போய்த் திரும்பியபோது பாதிச் சுவர் வழவழவென்று நின்றது. சீமெந்து இறுகிய இரண்டாம் நாள் மழை பிடித்தது. பூசாத பாதியில் கல்லிடுக்கெல்லாம் தண்ணீர் வடிந்தது. பூசிய பாதியில் ஒரு சொட்டு வரவில்லை. அதற்குப் பின்னால், குசினிப் படியோரம், மண்ணில் ஒரு வெடிப்பு ஓடியது.

5

முடிவு ஒன்று: சுவர் சரிகிறது, குசினி போகிறது, அமல்ராஜ் வாய்க்கால் நிறைய அழுகிறான். எழுத இனிக்கிறது. ‘குசினிக் கூரை மெல்ல மெல்ல...’

“நில்லுங்க அண்ணே,” என்றாள் யூஜினி. “உங்களுக்கு அது கதை. எனக்கு அடுப்பு.”

முடிவு இரண்டு: மழை விடுகிறது.

“ஐப்பசி மழை நீங்க எழுதினா விட்டுருமா?”

என்னை ஒதுக்கிவிட்டு அவள் இரும்பு அலவாங்கை எடுத்து ஓங்கிக் குத்தினாள். ஒரு பாளம் சீமெந்து பெயர்ந்தது. உள்ளிருந்து தண்ணீர் குபுக்கென்று பாய்ந்தது. அதைப் பார்த்த அமல்ராஜ், “மாளிகை போச்சே” என்று புலம்பிக்கொண்டே மறுமுனையைச் சுத்தியலால் உடைக்கத் தொடங்கினான்.

நடுப்பகுதி இன்னும் மிச்சம். வெடிப்பு விரலளவு அகன்றுவிட்டது. யூஜினி திரும்பிப் பார்க்கிறாள். என்னையல்ல, எனக்கு முதுகுப்பிடிப்பு (இது சத்தியமாக உண்மை). உங்களை.

“வாசிச்சது காணும். கதையை வச்சிட்டு வந்து ஒரு குத்து குத்துங்க.”