முன்னால் போன செருப்பு

கொடி தைக்கும் தையல்காரியின் செருப்பு, தையல்காரிக்கு ஒரு வருடம் முன்பாகவே எல்லையைத் தாண்டி, அவள் மகள் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. நல்ல மழை நாள். உள்ளே வருவதற்கு முன்னால் செருப்பு இரண்டும் கால்மிதியில் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டதாக மகள் பிற்பாடு சொன்னாள். இடது செருப்பு ஒரு தடவை கூடுதலாகத் துடைத்தது. அம்மா அப்படித்தான் துடைப்பாள். ஆகவே வந்திருப்பது யார் என்று மகளுக்குச் சந்தேகமே வரவில்லை. கதவை அகலமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். செருப்பு அடுப்படியைப் பார்த்தது, படுக்கையறையைப் பார்த்தது, குளியலறை வாசலில் கொஞ்சம் தயங்கியது, பெற்றவள் மகள் குடித்தனத்தை முதல்முறை பார்க்கிற அதே நிதானத்தோடு. பிறகு கூடத்துச் சுவரோரமாகப் போய் ஒட்டி நின்றுகொண்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு. முன்பெல்லாம் இங்கிருந்து அங்கே போய் முடி வெட்டிக்கொண்டு வருவார்கள், அங்கிருந்து இங்கே வந்து பல் பிடுங்கிக்கொண்டு போவார்கள். பிறகு பாலத்தின் நடுவில் ஒரு சங்கிலி வந்தது, சங்கிலி கேட் ஆனது, கேட்டுக்கு இரண்டு பக்கமும் கொடிக்கம்பம் நட்டார்கள். அவர்கள் கம்பத்தை ஒரு முழம் உயர்த்தினால் இவர்கள் இரண்டு முழம் உயர்த்துவார்கள். கம்பம் வளர வளரக் கொடியும் வளர்ந்தது. தையல்காரி ஒரு கொடியை விரித்தால் அது முன்னறையை நிரப்பி, கட்டில் மேல் ஏறி இறங்கி, அடுப்படி வாசல் வரை போய்விடும். அவள் புருஷன் கேட்டில் பேண்டு வாத்தியக்காரர். தினமும் சாயங்காலம் கொடி இறக்கும்போது பெரிய டிரம்மை அடிப்பவர் அவர்தான். ஊர் அவருக்கு டமாரம் என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பக்கத்து டிரம்மை விட ஓங்கி அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் அவர் அப்படித்தான் அடித்திருப்பார். நாட்டு மானமே தன் கையில் இருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. கையில் இருந்தது என்னவோ இரண்டு குச்சிதான்.

அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் அந்தப் பக்கத்துக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்த நாட்டுப் பிரஜையாகிறேன் என்று அவர்கள் கொடிக்குக் கீழே நின்று உறுதிமொழி எடுத்தாள் என்று கேள்விப்பட்டதும் சுவரிலிருந்த அவள் போட்டோவைத் திருப்பி மாட்டிவிட்டார். மகள் கர்ப்பம் என்று செய்தி வந்தபோதும் போட்டோ திரும்பவில்லை. தையல்காரிக்கோ பிரசவத்துக்கு மகள் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அந்த வயதில் அவளுக்கு இல்லை. ஆனால் கல்யாணமான பெண் எல்லை தாண்ட வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் புருஷன் கையெழுத்து வேண்டும். டமாரம் பேனாவைத் தொட மறுத்தார். அவள் கெஞ்சினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், மறுபடி கெஞ்சினாள். கடைசியில், வரிசை நகர்ந்து கவுண்டருக்குப் போவதற்குள் இவர் மனசு இளகாமலா போய்விடும் என்ற நம்பிக்கையில், கையெழுத்து இல்லாமலே வரிசையில் போய் நின்றாள்.

அந்த வரிசையில் மாதக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி இடம் போட்டுவிட்டு, விண்ணப்பத்தை மடித்து வாருக்குள் செருகிவிட்டு, வெறுங்காலோடு போய் வருவார்கள். அடுத்தவர் செருப்பைப் பின்னால் இருப்பவர் தள்ளிவிடுவது வழக்கம். நாளாக நாளாகத் தள்ளிவிட ஆளே இல்லை, எல்லோரும் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்படியும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. மத்தியான வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், சரக் சரக்கென்று தரையில் ஒரு சத்தம் கேட்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அத்தனை செருப்பும் ஒரு அடி முன்னால் போய் நின்றிருக்கும். முடிவெட்டுகிறவர் வரிசையில் இடம் போட்டுவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போனார். அவர் செருப்பு யாருக்காகவும் நிற்கவில்லை, தன் முறைக்குக் கவுண்டருக்குப் போய், முத்திரை வாங்கிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டது. கவுண்டர் ஆபீசர் நேர்மையானவர், சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஜாதி. வரிசையில் வந்ததை விசாரித்து அனுப்ப வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. வந்தது ஆளா செருப்பா என்று பார்க்கச் சொல்லவில்லை.

தையல்காரியின் செருப்பு கவுண்டரில் ஏறியபோது அவர் விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்தார். புருஷனுக்குச் சம்மதமா என்று கேட்டார். பதில் இல்லை. ஆட்சேபம் எதுவும் உண்டா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. ஆட்சேபம் இல்லை என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு இரண்டு செருப்பின் வாரிலும் முத்திரை குத்தினார். அந்த நேரம் தையல்காரி வீட்டில் மெஷினில் உட்கார்ந்து கொடிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் மிதிகட்டையின் இரும்பு சில்லென்று இருந்தது. திடீரென்று இரும்பு போய், ஈரப் பலகை தட்டுப்பட்டது. பிறகு சரளைக்கல், பிறகு புல், அதன் பிறகு வழவழவென்று ஒரு தரை. மெஷின் நின்றுவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். கால் இரண்டும் மிதிகட்டை மேல்தான் இருந்தன. ஆனால் அவள் எவ்வளவு அழுத்தியும் மிதிகட்டை அசையவில்லை.

அன்றிலிருந்து அவள் நடந்தால் வீட்டில் சத்தம் இல்லை. ஈரத்தரையில் நடந்தால் தடம் இல்லை. டமாரம் முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. தாளம் தெரிந்த மனிதருக்கு இது பெரிய உபத்திரவமாக இருந்தது. அந்தப் பக்கமோ மகள் வீட்டுத் தரையில், செருப்பு சுவரோரமாக அசையாமல் நின்ற நேரத்திலும், ஈரக் காலடிகள் தோன்றித் தோன்றிக் காய்ந்தன. மகள் வீட்டில் ஒரு தம்ளர் உடைந்த அன்று இங்கே தையல்காரியின் குதிகாலில் ரத்தம் வந்தது. டாக்டர் அவள் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே நேரத்தில் அங்கே கூடத்திலிருந்த செருப்பு துள்ளி விழுந்ததை மகள் போனில் சொன்னாள். முதலில் பாதம் மட்டும்தான் போயிருந்தது. ஒரு மாதத்தில் கணுக்கால், மழை முடிவதற்குள் முழங்கால். தோலும் சதையும் இங்கே இருந்தன, உணர்ச்சி அங்கே இருந்தது. இப்படியே மேலே ஏறினால் கடைசியில் இங்கே மிச்சம் இருக்கப்போவது என்ன என்று டாக்டரும் கேட்டார், அவளும் கேட்டாள்.

பிழைக்க ஒரே வழி, கால் போன இடத்துக்கு ஆளும் போய்ச் சேருவதுதான். அவள் மறுபடி கவுண்டருக்குப் போனாள்.

"நீங்க போயிட்டீங்கம்மா," என்றார் ஆபீசர்.

"இதோ உங்க முன்னால நிக்கிறேனே சார்."

"நிக்கிறீங்க, இல்லேங்கல. ஆனா போயிட்டீங்க. திரும்பி வந்ததா பதிவு இல்ல. இங்க இல்லாத ஆளுக்கு நான் எப்படி அனுமதி குடுக்குறது?"

"செருப்புதான் சார் போச்சு."

"உங்க பேர்லதானே போச்சு? அதைத் திரும்பி வரச் சொல்லுங்க. வந்தா மறுபடி வரிசையில போடுங்க."

மகள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு பாலம் வரை வந்தாள். பாதி வழியில் பை லேசானது. வீட்டுக்குத் திரும்பியபோது செருப்பு அவளுக்கு முன்பே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதற்குப் பிறகு யாரும் அதை வற்புறுத்தவில்லை.

குழந்தை பிறந்தது, பையன். ஒருநாள் மத்தியானம் டமாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மனைவியின் வலது கால் தரையில் மெல்ல அழுந்தி எழுவதைப் பார்த்தார். அழுந்தல், விடல், அழுந்தல், விடல். அவர் பார்த்ததிலேயே சுத்தமான தாளம். ஆனால் சத்தமே இல்லை.

"என்ன காலை ஆட்டிக்கிட்டே இருக்க?"

"புள்ள முழிச்சிக்கிச்சு. தொட்டில ஆட்டுறேன்."

"எந்தப் புள்ள?"

"எந்தப் புள்ளன்னா? உங்க பேரன்தான்." அவள் நிமிராமல் சோற்றைப் பிசைந்தாள். "சாயங்காலம் நீங்க ஓங்கி அடிக்கிறப்ப தூக்கிவாரிப் போட்டு முழிச்சிக்கிது. அப்புறம் லேசுல தூங்க மாட்டேங்குது."

"அவங்க ஆளும்தான் அடிக்கிறான்."

"அவன் அடிக்கு முழிக்கல. உங்க அடிக்குத்தான் முழிக்குது."

ஒரு கணம் அவர் முகம் மலர்ந்துவிட்டது, அதை ஒளிக்க அவருக்குத் தெரியவில்லை. அப்படியானால் நம் அடிதான் பலம் என்று சொல்லக்கூட வாயெடுத்தார். பிறகு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், சோறு கையில் காய்ந்துபோனது.

அன்று சாயங்காலம் டமாரம் டிரம்மைத் தட்டிக்கொடுத்தார். அடித்தார் என்று சொல்ல முடியாது, குழந்தை முதுகில் தட்டுகிற மாதிரிதான் இருந்தது. இந்தப் பக்கத்துக் கூட்டம் தோல் கிழிந்துவிட்டது என்று நினைத்தது. அந்தப் பக்கத்துக் கூட்டம் ஜெயித்துவிட்டோம் என்று கை தட்டியது. பேண்டு தலைவர் அவரைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் குச்சியைப் பிடுங்கிக்கொள்வதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்தவர் மகள் போட்டோவை முகம் தெரியத் திருப்பி மாட்டினார். புது விண்ணப்பம் ஒன்றில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். தையல்காரி அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அழுதாள். அந்தக் கையெழுத்துக்காக அவள் எத்தனை காலம் காத்திருந்தாள் என்பது அவருக்கும் தெரியும், அதனால் சமாதானம் சொல்லப் போகவில்லை.

உணர்ச்சி இடுப்பைத் தாண்டி விலா வரை ஏறியபோது, பேரன் அங்கே தவழ ஆரம்பித்திருந்தான். குழந்தை செருப்பைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது இங்கே அவள் காலில் கதகதப்பு ஏறும். அதை விட்டால் இந்த வீட்டில் அவளுக்குக் குளிரும் இல்லை, சூடும் இல்லை. கைகள் மட்டும் பாக்கி இருந்தன. மெஷின் ஓடாததால், கம்பத்துக்குப் புதிதாகச் சொல்லியிருந்த பெரிய கொடியைக் கையாலேயே தைத்து முடித்தாள். தொழில் தொழில்தான். கடைசித் தையலை முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தாள். அந்தக் கொடியையே தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள்.

கொடி இறக்கும் நேரம். இரண்டு பக்கமும் கூட்டம். காவலர்கள் விறைத்து நிற்பதற்காகக் கேட்டைத் திறந்திருந்தார்கள். அவள் கொடியைக் காவலர் கையில் ஒப்படைத்துவிட்டு, வெறுங்காலோடு கேட்டுக்கு நடுவிலிருந்த எல்லைக்கோட்டை நோக்கிப் போனாள். கவுண்டர் ஆபீசர் ஓடி வந்து மறித்தார்.

"சார், உங்க கணக்குல நான் எந்தப் பக்கம் இருக்கேன்?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் இருக்கிறவளை இந்தப் பக்கம் நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர் என்று முன்பே சொன்னோம். பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. "இல்லம்மா," என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார். இல்லாத ஒருவரோடு நின்று பேசுவதும் விதிக்குப் புறம்பு என்பதால் முகத்தையும் திருப்பிக்கொண்டார். காவலர்களும் திருப்பிக்கொண்டார்கள். அவள் நடந்தாள். ஒரு சத்தமும் இல்லை, தூசிகூட எழவில்லை, வெயிலில் ஒரு உருவம் மட்டும் நகர்ந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் பிள்ளைகளை அருகே இழுத்துக்கொண்டார்கள்.

டமாரம் குச்சியை ஓங்கியபடி நின்றார், உத்தரவு அவருக்கு நினைவிருந்தது. அவள் கால் தரையில் படும்போது மெதுவாக ஒரு அடி அடித்தார். அடுத்த கால் வைத்தாள், இன்னொரு அடி. மனைவியின் நடை அவருக்கு மனப்பாடம், இடது கால் கொஞ்சம் இழுக்கும், அந்த இழுப்பையும் சேர்த்து அடித்தார். காலடிச் சத்தம் இல்லாமல் போனவளுக்கு, கோடு வரை அவர்தான் காலடிச் சத்தம் கொடுத்தார். கோட்டைத் தாண்டியதும் அவள் பாதம் பலகையில் பட்டு நிஜமாகவே சத்தம் கேட்டது. அதற்கு மேல் அடிக்க அவசியம் இல்லாததால் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். கேட்டை மூடினார்கள்.

மகள் வீட்டு வாசலில் செருப்பு வெளியே பார்த்து நின்றது. காலை நுழைத்தாள். யாரோ இப்போதுதான் கழற்றி வைத்தது போலச் சூடாக இருந்தது. கால்மிதியில் துடைத்துக்கொண்டாள், இடது காலை ஒரு தடவை கூடுதலாக, பிறகு உள்ளே போய்த் தொட்டிலை ஆட்டினாள். அன்றிரவே அவளுக்குப் பசித்தது, குளிர்ந்தது, முழங்கால் வலித்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

டமாரத்தின் குச்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். புது ஆள் வந்தான், இன்னும் ஓங்கி அடிக்கிறான். பேரன் அதற்கெல்லாம் முழிப்பதில்லையாம். கேட் சம்பவத்துக்கு மறுநாள் காலையில் ஆபீஸ் வாசல் வரிசையின் கடைசியில் ஒரு ஜோடி பேண்டு பூட்ஸ் நின்றது. நன்றாகப் பாலீஷ் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி, அதற்குள் விண்ணப்பம் செருகியிருந்தது. அடுத்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, தன் செருப்பை அதற்குப் பின்னால் கழற்றி விட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது பூட்ஸ் ஒரு அடி முன்னால் போயிருந்தது.