இருபத்தேழு வெள்ளிப் பயணம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவர் தாமோதரன்: எழுபத்தோரு வயது, ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, வளையாத முதுகு. என் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: 'பினாங்கு விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுகள் ஒரு—'

வேண்டாம். கதவைப் பற்றி யாருக்கு அக்கறை?

இரண்டாவது: தாமோதரனின் மகள் தனுஜாவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த வள்ளியம்மை, பெண்வீடு பார்க்கச் சென்னையிலிருந்து வந்தார். விமான நிலையம் போக, அன்று பார்த்து தாமோதரனின் கார் கிளம்பவில்லை.

"ஆப்புல வண்டி கூப்பிடுங்கப்பா. நா போட்டுத் தரேன்லா," என்றாள் தனுஜா.

"சம்பந்தியைக் கூட்டியாற எனக்கு போன் எதுக்கு?" என்று பஸ் ஏறிவிட்டார்.

இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

2

இருவரும் விமான நிலையத்துக்கு வெளியே வந்ததுமே டாக்சிக்காரன் ஒருவன் வள்ளியம்மையின் பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க ஐயா?"

"ஜெலுத்தோங்."

"நூத்தம்பது வெள்ளி. வாங்க."

முப்பது வெள்ளித் தூரம் (ரிங்கிட்டுக்கு எங்கள் ஊரில் வெள்ளி என்றுதான் பேச்சு), தாமோதரனுக்குத் தெரியும். ஆனால் விருந்தாளி முன்னால் விலை பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. (இதற்காகவே என் தகப்பனார் விருந்தாளியோடு பாசார் கடைகள் பக்கம் போகமாட்டார்.) பேரம் பேசினால் கஞ்ச வீடு என்று பெண்ணை வேண்டாம் என்றுவிட்டால்? தலையசைத்துவிட்டார்.

வள்ளியம்மை நகரவில்லை.

"சம்பந்தி, உக்காந்தே வந்தது கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் நடக்கலாமா?"

பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். "நூறு லா, அக்கா!" என்று குரல் துரத்தியது. "நல்லாயிரு தம்பி," என்றார் திரும்பாமலே.

தூண் மறைவில் கைப்பேசியை நீட்டினார். "ப்ளேன்ல பக்கத்துல ஃபரான்னு ஒரு பொண்ணு, பாயான் பாருல வேலையாம். தானா வந்து கூப்பிடுறவங்க வண்டில ஏறாதீங்கன்னு, இறங்குனதும் இந்த ஆப்பை ஏத்திக் குடுத்துச்சு. எனக்கு எங்க பிடிபடுது? நீங்கதான் அழுத்தித் தரணும்."

தாமோதரன் கண்ணாடியை மாட்டினார். அந்தம்மாளின் சுண்டுவிரல் திரையோரம் மெல்ல நகர்ந்தது. அது நின்ற இடத்தில் எல்லாம் இவர் அழுத்தினார்.

இருபத்தேழு வெள்ளி.

"இவ்ளோ வேகமா போடுறீங்களே!" என்றார் வள்ளியம்மை.

(அவருக்கு உண்மையிலேயே அழுத்தத் தெரியாதோ என்று ஒரு வரைவில் சந்தேகித்தேன். இரண்டு நாள் கழித்து அதே கைப்பேசியில் தனியாக வண்டி வரவழைத்துக் கோவிலுக்குப் போய்வந்தார். அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.)

3

முடிவு ஒன்று: வண்டியிலேயே தாமோதரன் நன்றி சொன்னார். அழகான முடிவு. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: வீட்டுக்கு வந்ததும், "வண்டி யாருப்பா கூப்பிட்டது?" என்றாள் தனுஜா. "நான்தான்," என்றார். வள்ளியம்மை காப்பியை ஆற்றிக்கொண்டே, "உங்கப்பாதாம்மா," என்றார்.

இதுதான் நடந்தது. அடுத்த மாதம் கல்யாணம்.

இன்னொன்று. எனக்குத் தம்பி கிடையாது.

இதை முதலில் படிக்கப்போகிறவர் வள்ளியம்மை. அவரிடம் சொல்லவேண்டிய சொல்லை எந்த வரியில் வைத்தாலும் என் வளையாத முதுகு குறுக்கே நிற்கிறது. ஆகவே இடம் மட்டும் விட்டிருக்கிறேன். வாசகரே, நீங்கள் எழுதிவிடுங்கள்:

சம்பந்தி, (          ).