ஏழாவது வரிசையில் நாற்றம் இல்லை

காலையில் சளி விட்டிருந்தது. நாலு நாளுக்குப் பிறகு மூக்கு திறந்தது. அதுதான் வினை.

எங்கள் தளம் முழுக்கக் கறுப்பு மண். பாதி மக்கிய வேர், இலை, மீதி தண்ணீர். நடந்தாலே பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும். அதில் கட்டடம் நிற்க வேண்டும் என்று வரிசை வரிசையாகக் குழாய் இறக்கி பாக்டீரியா விடுகிறோம். தீனிக்கு யூரியா, கூடவே கால்சியம் உப்பு. அவை யூரியாவைத் தின்று மண்ணுக்குள் சுண்ணாம்பு கட்டி அதை இறுக்கும். செத்துவிட்டால் மண் பழைய மண்தான்.

லேப் மேடம் சொல்லித் தந்த சோதனை ஒன்றே ஒன்று. தினமும் குழாய் வாயில் மோந்து பார்க்க வேண்டும். மூத்திர நாற்றம் அடித்தால் வேலை நடக்கிறது. அடிக்காவிட்டால் உடனே அவரைக் கூப்பிட வேண்டும்.

நாலு நாளாக எனக்கு எதுவுமே அடிக்கவில்லை. மூக்கடைப்பு என்று சொன்னால் வேறு ஆளைப் போடுவார்கள். ஏற்கனவே மூன்று வேலையைப் பாதியில் விட்டவன் நான். எட்டு வரிசைக்கும் 'நாற்றம் உண்டு' என்று டிக் போட்டேன். மண் இறுகியதா என்று மேடம் நாலு இடத்தில் கம்பி குத்திப் பார்த்தார். ஏழாவது வரிசை அதில் இல்லை.

இன்று குழாய் பிடுங்கப் போனேன். முதல் ஆறு வரிசையிலும் கண்ணில் நீர் வருமளவு நெடி. ஏழில் ஈர இலை வாசம் மட்டும். மூன்று முறை குனிந்தேன்.

பின்னால் மாமா வந்து நின்றார். என் அக்கா புருஷன். தூண் அடிக்கும் நாற்பது டன் இயந்திரத்தை ஓட்டுபவர்.

"என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல மாமா. மண்ணு இறுகியிருக்கும்ல?"

"என்கிட்ட கேக்குறியா? டிக் போட்டது நீ. தம்பி பாத்த மண்ணு, பயப்படாம ஏறுங்கன்னு உங்க அக்கா வேற சர்டிபிகேட் குடுத்துட்டா."

சிரித்தபடி கூண்டில் ஏறிக் கதவை அடைத்தார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

இயந்திரம் முதல் வரிசையைத் தாண்டியது. மண் அசையவில்லை. மூன்று. நான்கு. ஒரு பக்கச் சங்கிலிச் சக்கரம் அமுங்கினால் போதும், மேலே நிற்கும் கம்பம் சாயும், கூண்டும் கூடவே போகும். ஐந்து. குட்டைத் தண்ணீர் நடுங்கியது.

ஓடினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஏழாவது வரிசையில் போய்க் கைகளை விரித்து நின்றேன். இரண்டு காலும் முழங்கால் வரை இறங்கின. ஹாரன் அலறியது. சங்கிலி என் முன்னால் நாலடியில் நின்றது. மேலே கம்பம் ஆடி அடங்கியது.

"சாகுறதுக்கு வேற இடமே கிடைக்கலையாடா உனக்கு?"

"பின்னாடி எடுங்க மாமா! ஏழுல எல்லாம் செத்துப்போச்சு. எனக்கு நாலு நாளா மூக்கே இல்ல. பொய்யா டிக் போட்டேன்."

மாமா என் முழங்காலைப் பார்த்தார். கியரைப் பின்னுக்கு மாற்றினார். இயந்திரம் மெதுவாகப் பின்வாங்கியது. அது நின்ற தடத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறி வந்தது.

"உங்க அக்காகிட்ட மூச்சு விடாத," என்றார். "மேடத்துகிட்ட சொல்லு. இப்பவே."

சேற்றில் நின்றபடியே போனில் மேடத்தின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. அவர் எடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

எடுத்துவிட்டார்.