ஜன்னலோரக் கருப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கோட்டாறில், வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் ஒரு கடை வாசலில். என் ஸ்கூட்டருக்கு நம்பர் ஒட்ட நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். அதன் ஜன்னல்களைச் சுற்றிப் பளபளவென்று ஓடும் குரோம் பட்டைமேல் கடைக்காரர் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். காரைக் கொண்டுவந்த பெரியவர் கையைப் பிசைந்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்கள்கூட அவ்வளவு நடக்க மாட்டார்கள். ஒரு ஸ்டிக்கருக்கு ஏன் இந்தப் பயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. பெயர்கள் உட்பட மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'பொன்னுலிங்கத்துக்குக் கருப்பு பிடிக்காது, ஏனென்றால்—'

வேண்டாம். 'ஏனென்றால்' வந்தாலே நான் பிரசங்கத்தில் இறங்கிவிடுவேன்.

இரண்டாவது: 'முட்டத்துக் கடல்காற்றில்—' (சுற்றுலாத் துறைக்கா எழுதுகிறேன்?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கார் அந்தப் பெரியவர் பொன்னுலிங்கத்தின் மகன் சஜினுடையது. வங்கித் தேர்வு எழுதாமல் அவன் துபாய்க்குக் கிளம்பிய அன்று, "இனி உன் மொகத்துல முழிக்க மாட்டேம்லே" என்று பொன்னுலிங்கம் கத்திவிட்டார். அதன்பிறகு அவன் போனில் அம்மாவிடம் மட்டும்தான் பேசினான். போன வாரம் மனைவி தாணம்மாள் அவரிடம் போனை நீட்டினாள். "உங்களுக்காக்கும். மகன்தான் கேக்கான்."

"அப்பா, நான் வாறதுக்குள்ள கார்ல அந்த வெள்ளிப் பட்டைய கருப்பாக்கி வைப்பியளா?"

"வைக்கேன் மக்கா."

இரண்டு வருடத்தில் அவ்வளவுதான் பேச்சு. 

3

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சஜின் சமாதானத்துக்கு ஸ்டிக்கரைத் தூது விடுகிறவனா? இல்லை, எங்கோ பார்த்த கார்போலத் தன் காரும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டானா? எனக்குத் தெரியாது. பொன்னுலிங்கத்துக்கும் தெரியாது. அதுதான் அவரைப் போட்டு வதைத்தது.]

கடைக்காரன் பிரபின் ஒட்டுவதற்குமுன் கேட்கத்தான் செய்தான். "அண்ணாச்சி, இதுல பாலிஷ், வாக்ஸ் எதாவது போட்டியளா? போட்டிருந்தா ஒட்டாது, கேட்டியளா."

"ஒண்ணும் போடல்ல மக்கா."

பொய் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயை யார் பாலிஷ் என்பார்கள்?*

* கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்குப் புரியும். உப்புக்காற்று குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு வைத்துவிடும். அதனால் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பார்கள். மகன் போனதிலிருந்து பொன்னுலிங்கம் ஞாயிறு தவறாமல் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பட்டையில் தன் முகமே தெரியும். அன்றைக்குக் கத்திய வாய் அது என்று தோன்றும்.

பிரபின் பட்டையை நன்றாகத்தான் சுத்தம் செய்தான். ஆனால் அதற்கும் ரப்பருக்கும் இடையே இறங்கியிருந்த எண்ணெய் அங்கேயே கிடந்தது.

4

இரணியல் ரயில் நிலையம். திருவனந்தபுரத்தில் விமானத்திலிருந்து இறங்கிய சஜின் ரயிலில் வருகிறான். வெயில் காரைச் சுட்டுக்கொண்டிருந்தது. முன்கதவு ஓரத்தில் ஸ்டிக்கர் நுனி மெல்ல எழும்புவதைப் பொன்னுலிங்கம் பார்த்தார். கட்டைவிரலால் அமுக்கினார். படிந்தது. எடுத்தார். எழும்பியது. விரலை முகர்ந்து பார்த்தார்.

"அய்யா! தேங்காயெண்ணெய்."

உடனே போனை எடுத்தார். "ஏலே பிரபின், ஸ்டிக்கர் இளகி வருதுலே!"

"எண்ணெய் கிண்ணெய் தேச்சியளா அண்ணாச்சி?"

"அத நீ கேக்கலியே மக்கா!"

"இனி உரிச்சிட்டுப் புதுசாத்தான் ஒட்டணும். நாளைக்குக் கொண்டு வாங்க."

நாளைக்கு ஒட்டி என்ன செய்ய? 

"விடுங்க, அவன் அதையெல்லாம் பாக்க மாட்டான்," என்றாள் தாணம்மாள்.

"அவன் எங்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதான ஏட்டி. அதத்தான் மொதல்ல பாப்பான்."

5

முடிவு ஒன்று: சஜின் பார்க்கிறான், சிரிக்கிறான். (அவ்வளவு சுலபமென்றால் இரண்டு வருடம் எதற்கு?)

முடிவு இரண்டு: சஜின் பார்க்கிறான், "ஒரு காரியம் சொன்னா ஒழுங்கா—"

இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. அந்த மனிதர் அவ்வளவு பயந்திருக்கிறார்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. சஜின் வெளியே வருகிறான். இளைத்திருக்கிறான். பொன்னுலிங்கம் கதவோடு ஒட்டி நிற்கிறார், முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் ஸ்டிக்கர் நுனியை அமுக்கியபடி. அவன் அம்மாவைத் தாண்டி நேரே அவரிடம் வருகிறான். பெட்டிகளைக் கீழே வைக்கிறான்.

"அப்பா," என்று இரண்டு கையையும் நீட்டுகிறான்.

கையை எடுத்தால் கருப்பு எழும்பிவிடும். எடுக்காவிட்டால், இன்னும் கோபம் போகவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்வான்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கச் சொல்வதானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் சீக்கிரம். பிள்ளை நீட்டிய கை எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும்?