சிவப்புப் புள்ளி

“உன் நெயில் பாலிஷ எங்க ஒளிச்சு வச்சே?” கணவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். “நகத்துக்கு வாங்கினத சிப்புக்கே பூசித் தீத்துடுங்க” என்று எடுத்துக் கொடுத்தாள்.

கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே நிற்கிற சீரியல் போர்ட் சிப் அது. பழைய வகை ஒரு நேரத்தில் ஓர் எழுத்தைத்தான் தாங்கும். கணினி சற்றே பராக்குப் பார்த்தால், வேகமாக வரும் அடுத்த எழுத்து அதை அழித்துவிடும். புது வகை பதினாறைப் பிடித்து வைத்திருக்கும். பழையதன் தலையைச் சுரண்டி, புது வகையின் எண்ணை அச்சடித்து விற்பவர்கள் மலிந்திருந்தார்கள். அதனால் அவர் யாரையும் நம்புவதில்லை, சிப் வாங்கி வரும் சொந்தத் தம்பியைக்கூட. இருந்த ஒரே சோதனை அட்டையில் ஒவ்வொன்றாகச் செருகி, உச்ச வேகத்தில் அரை மணி ஓட்டுவார். ஓர் எழுத்தும் சிந்தாவிட்டால்தான் சிவப்புப் புள்ளி. அன்று பத்து மணிக்கு, தம்பி புதிதாக வாங்கி வந்த இருபது சிப்போடு உட்கார்ந்தவர், ஒரு மணிக்கு மேசையிலேயே சரிந்து கிடந்தார். முதலில் பார்த்தவன் தம்பி.

ஒரு மாதம் கழித்து, பத்திரிகை அலுவலகம் கேட்ட, சிப் பொருத்திய மோடம் அட்டைகளுக்காக அவள் அந்த சிப் டப்பாவைத் திறந்தாள். இருபது சிப்பிலும் புள்ளி. மூன்று மணி நேரத்தில் ஆறுக்கு மேல் எப்படி முடியும்?

“அண்ணன் பாத்து வச்சதுதானே அண்ணி? அப்படியே குடுத்துடலாம்” என்றான் கொழுந்தன்.

“உங்கண்ணன் நான் சர்க்கரை போட்டேன்னு சொன்னாலும் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவாரு தம்பி. ஓட்டிப் பாத்துடுவோம்.”

அவன் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

இரண்டு சிப் சுத்தம். மூன்றாவதில் திரையில் வரிகள் பல் விழுந்த வாயாக வந்தன.

“அவசரத்துல வச்சிருப்பாரு அண்ணி. அன்னைக்குக் காலையிலேயே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரே.”

“உங்ககிட்டயா சொன்னாரு?”

அவன் மோடத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டில் ஒன்று. இவன் பொய் சொல்கிறான், மிச்சப் புள்ளிகளை வைத்தது இவன்தான். இல்லை, அவர் அவளிடம் மறைத்துவிட்டு, கை தடுமாறி, பார்க்காததற்கெல்லாம் புள்ளி வைத்திருக்கிறார். இழுப்பறையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பக்கத்தில் ஒரு புதுப் புள்ளி வைத்தால், எல்லாம் இதே பாட்டில்தானா, வேறா என்று நிறம் சொல்லிவிடும். முந்தானையால் மூடியைப் பற்றினாள். பிறகு திறக்காமலே பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, நான்காவது சிப்பை அட்டையில் செருகினாள்.

மூடி அவர் திருகியபடியே இறுகியிருந்தது.