கவர்னர் வாங்கிய பிரம்படி

கவர்னர் மார்ட்டன் ஸ்லூட்டரின் பெயரை அம்போன் கோட்டைக்குள் சொன்னால் துப்புவார்கள். ஒல்லாந்துக் கும்பெனியின் மானத்தைக் கடலில் கரைத்தவர் என்பார்கள். எதிரே இருக்கும் சேரம் தீவில் சொன்னாலும் துப்புவார்கள். அவர் வெட்டிச் சாய்த்த கிராம்பு மரங்களின் அடிக்கட்டைகள் அங்கே இன்னும் கிடக்கின்றன. நான் துப்ப மாட்டேன். அவர் படகில் துடுப்புப் போட்டவன் நான். என் அண்ணன் எலிபாஸ் தூக்குமரத்தின் அடிவரை போனது அவரால்தான். அங்கிருந்து திரும்பி வந்ததும் அவரால்தான்.

ஒல்லாந்தில் ஏதோ ஒரு குளிர்ந்த கடற்கரையில் மீன் பிடித்தவரின் மகன் அவர். கப்பலில் முரசடிக்க வந்து, சிப்பாயாகி, ஜாவாவில் காலில் குண்டு வாங்கி, நொண்டிக்கொண்டே மேலே ஏறி, நரைத்த தலையோடு எங்கள் தீவுகளுக்குக் கவர்னராக வந்தார். வந்த முதல் அறுவடையிலேயே கோட்டையின் தராசை வெயிலில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அதுவரை கிராம்பை உள்ளே இருட்டறையில் நிறுப்பார்கள். உள்ளே போன மூட்டை எப்படி இளைத்தது என்று கேட்டால் உதை விழும். வெளியே வைத்த அன்றைக்கே கோட்டைக் கணக்கர்கள் அவருக்கு எதிரிகளாகிவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கும்பெனி அனுமதித்த தீவுகளைத் தவிர வேறெங்கும் கிராம்பு மரம் நிற்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை கவர்னர் படகுக் கூட்டத்தோடு சுற்றி வந்து மற்ற மரங்களை வெட்டுவார். அந்தச் சுற்றுக்கு ஹொங்கி என்று பெயர். ஊருக்கு ஒரு படகு, படகு நிறைய ஆட்கள், எல்லாம் எங்கள் தலையில். முந்தைய கவர்னர்கள் காலத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன, சாகோ மரத்து மாவில் சுட்ட ரொட்டி தீர்ந்தால் பட்டினிதான். இவர் சிப்பாய்க்கு அளக்கிற அரிசியை எங்களுக்கும் அளக்கச் சொன்னார். மழையில் நாங்கள் நனைந்தால் அவரும் நனைவார். ஆனால் மரம் என்று வந்துவிட்டால் இரக்கம் கிடையாது.

சேரத்தில் ஒரு கிழவர் ஒரே ஒரு மரத்தை விட்டுவிடச் சொல்லிக் கேட்டார். பிள்ளை பிறந்தால் மரம் நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மரத்துக்கு ஏதாவது ஆனால் பிள்ளைக்கும் ஆகும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். எங்களில் ஒருவனும் கோடரியைத் தூக்கவில்லை. கவர்னர் சட்டையைக் கழற்றிவிட்டு, நொண்டிக் காலை அகட்டி ஊன்றி, தானே வெட்டினார். வெட்டி முடித்துக் கிழவரைப் பார்த்து, "சட்டம். மன்னிச்சுக்கோங்க" என்றார். கிழவர் மன்னித்த மாதிரித் தெரியவில்லை. என் மனைவி செல்பீனா அந்தக் கரையைச் சேர்ந்தவள். ஊர் திரும்பியும் வெகுநாள் அவள் எனக்குக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த ஹொங்கி திரும்பும் வழியில்தான் எங்கள் ஊரில் தங்கியது.

எங்கள் ஆற்று முகத்தில் லொம்பா மீன் குஞ்சாக வந்து வளரும். வளரும்வரை அது சாசியில் இருக்கும். சாசி என்றால் யாரும் தொடக் கூடாது. ஆற்று முகத்தில் இளந்தென்னை ஓலை கட்டிய கம்பு நிற்கும். காட்டையும் கடலையும் காவல் காக்கிற கேவாங் வந்து ஜெபம் பண்ணித் திறந்துவிட்ட பிறகுதான் ஊரே வலையோடு இறங்கும். அந்த மீனைக் காயவைத்துத்தான் மழை மாதங்களைத் தள்ளுவோம். அப்போது கேவாங்காக இருந்தவன் என் அண்ணன் எலிபாஸ்.

தவறு எங்கள் ஊர்த் தலைவர் ராஜா தொமாஸுடையது. கவர்னர் இறங்குகிற இடத்தில் வளைந்துபோன கம்பும் காய்ந்த ஓலையும் அசிங்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பூக்கட்டி வரவேற்பு வளைவு வைத்துவிட்டார். அண்ணன் காட்டுக்குள் இருந்ததால் அவனுக்கு இது தெரியாது.

காலையில் கவர்னர் குளிக்க இறங்கினார். தண்ணீர் முழுக்க மீன், வெள்ளியைக் காய்ச்சி ஊற்றியதுபோல. மீன்காரன் மகனுக்குக் கை சும்மா இருக்குமா? எங்கள் படகில் கிடந்த வீச்சு வலையை எடுத்தார். நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டேய் சக்காரியாஸ், போய்ச் சொல்லுடா. உங்க அண்ணன்தானே கேவாங்."

"நீ போய்ச் சொல்லேன். உனக்குத்தான் வாய் நீளமாச்சே."

"எனக்கு இருக்கிறது ஒரே முதுகுப்பா."

பேசி முடிப்பதற்குள் வலை விழுந்துவிட்டது. நல்ல வட்டம். அதைப் பார்த்து நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் சங்கு ஊதியது. எலிபாஸ் பிரம்போடு இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"துவான், வலையைக் கீழ போடுங்க. மீன் சாசியில இருக்கு."

ராஜா தொமாஸ் ஓடி வந்து நடுவில் விழுந்தார். "துவான், இவனுக்குக் காட்டுலயே இருந்து புத்தி பேதலிச்சுப் போச்சு. கம்பே இல்ல பாருங்க. கம்பு இல்லாம ஏது சாசி?"

"கம்பு எங்கய்யா போச்சு?" என்றான் அண்ணன். ராஜா வரவேற்பு வளைவைப் பார்த்தார். எல்லோரும் வளைவைப் பார்த்தார்கள். பூக்களுக்குக் கீழே எங்கள் கம்புதான் ஒரு காலாக நின்றுகொண்டிருந்தது.

கவர்னரோடு ரூலன்ஸ் என்ற வழக்கதிகாரி வந்திருந்தார். அவர் சிப்பாய்களைக் கூப்பிட்டு அண்ணனைப் பிடிக்கச் சொன்னார். கவர்னர் கையை உயர்த்தி நிறுத்தினார். எங்கள் மொழியை அவர் பேசுவார், கல்லைக் கடித்தபடி பேசுவதுபோல.

"உங்க சட்டம் என்ன?"

"எடுத்த மீனைக் கழுத்துல கட்டிக்கணும். நான் எடுத்தேன், நான் எடுத்தேன்னு சத்தமா சொல்லிக்கிட்டே ஊர்ச்சாவடி வரைக்கும் நடக்கணும். அங்க கெண்டைக்கால்ல பிரம்படி."

"உங்க ராஜா வாங்கியிருக்காரா?"

"இவர் இன்னும் வாங்கல. இவங்க தாத்தா வாங்கினார்."

எங்களில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். கவர்னர் சிரிக்கவில்லை.

"என் மேல கை வெச்சா உன்னைத் தூக்குல போடுவாங்க. தெரியுமா?"

"தெரியும் துவான். உங்கள விட்டுட்டா, நாளைக்கு இதோ நிக்கிறானுங்களே, எல்லாரும் வலையோட இறங்குவானுங்க. என் தம்பி மொதல்ல இறங்குவான். மழை மாசத்துல புள்ளைங்க எதைத் திங்கும்?"

அது அநியாயம். நான் முதலில் இறங்க மாட்டேன். இரண்டாவதாக இறங்கியிருப்பேன்.

ரூலன்ஸ் டச்சு மொழியில் வேகவேகமாக ஏதோ சொன்னார். கவர்னர் வலையிலிருந்த மீன்களை நாரில் கோத்து, தன் கையாலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டார். தொப்பியை ஒரு கல்லின் மேல் வைத்தார். நடந்தார்.

"நான் எடுத்தேன். நான் எடுத்தேன்."

பெண்கள் வாசலில் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நாய்கள் மீன் வாடைக்குப் பின்னால் போயின. நொண்டிக் கால் மேட்டில் இழுத்தது. அவர் ஓரிடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை. சாவடியில் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அடித்தான். பேருக்குத் தட்டவில்லை. எங்களை எப்படி அடிப்பானோ அப்படியே அடித்தான். காலுறையில் ரத்தம் கசிந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது துவான். உக்காருங்க."

அதே நிமிடம் ரூலன்ஸ் அண்ணனைக் கட்டச் சொன்னார். கவர்னரை அடித்தவனுக்குச் சாவு. அது கவர்னருக்கும் மேலே இருக்கிற சட்டம். இந்தத் தடவை கவர்னர் தடுக்கவில்லை.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "துவான், நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க."

"இன்னிக்கு விடுவாங்க. நான் போன பிறகு இன்னொருத்தன் வந்து பிடிப்பான். கேஸ் ஒரு கேஸா நடந்து தீரணும். நீ படகைப் பாரு."

அதோடு விட்டாரா? நடந்து வரும்போதே வீடுகளுக்குப் பின்னால் கண்ணை ஓட்டியிருக்கிறார். கும்பெனி அனுமதித்ததற்கு மேல் நாங்கள் நட்டு வைத்திருந்த கிராம்புக் கன்றுகளை மதியத்துக்குள் வெட்டச் சொன்னார். ஊர் கொதித்தது. அடி வாங்கின ஆத்திரம் என்றார்கள். கட்டப்பட்டுக் கிடந்த எலிபாஸ் மட்டும், "கத்தாதீங்கப்பா. நம்ம சட்டத்துக்கு அவரு காலைக் காட்டினாரு இல்ல? இது அவரு சட்டம்" என்றான். அவனுடைய கன்றுகளும் அதில் போயின.

அண்ணனை ஏற்றிய படகில் நானே துடுப்புப் போட்டேன். கோட்டையில் சாட்சி சொல்ல என்னையும் நிறுத்தினார்கள். நீளமான மேசை, வியர்த்துக்கொண்டிருக்கும் கும்பெனிப் பெரியவர்கள், நடுவில் தலைமை நாற்காலியில் கவர்னர். ரூலன்ஸ் எழுந்து, அடித்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். அண்ணனும் உண்மை என்றான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது கவர்னர் எழுந்தார். மேசையைச் சுற்றி நொண்டிக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்தில், குற்றவாளிகள் நிற்கிற இடத்தில் நின்றார். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, டச்சில் சொன்னதை எங்கள் மொழியிலும் சொன்னார்.

"இதுக்கு முன்னால ஒரு திருட்டுக் கேஸ் இருக்கு. நான் மீன் திருடினேன்னா, இவன் கொடுத்தது தண்டனை. திருடலைன்னாதான் இவன் அடிச்சது குத்தம். முதல்ல என்னை விசாரிங்க."

"கவர்னரை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது" என்றார் ரூலன்ஸ்.

"யாருக்கு இருக்கு?"

"ஜாவாவில், பத்தாவியாவில் இருக்கிற கும்பெனியின் பெரிய சபைக்கு."

"அப்ப நான் அங்க போறேன். என் கேஸ் முடியிற வரைக்கும் இவன் கேஸ் நிக்கட்டும். இவன் மேல ஒரு கை படக் கூடாது. சம்மதமா?"

மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தராசை வெயிலுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அவர்கள் காத்திருந்தது இதற்குத்தான். விசாரணைக்குப் போகிற கவர்னர் நாற்காலியை விட்டுத்தான் போக வேண்டும். சம்மதம் என்று எல்லோரும் சேர்ந்தே சொன்னார்கள். ஒருவர் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். தன் பதவியை எடுத்து என் அண்ணன் கழுத்துக்குக் குறுக்கே வைத்துவிட்டு, அந்த மனிதர் அடுத்த கப்பலில் ஏறினார். வழியனுப்பத் துறைமுகத்தில் பீரங்கி முழங்கவில்லை. துடுப்புக்காரர்கள் நாங்கள் சிலபேர் நின்றோம். எங்களைப் பார்த்து, "என்னடா, உங்களுக்கு வேலை இல்லையா?" என்றார்.

அதுவரை அண்ணன் கோட்டைக் காவலில் இருந்து கல் சுமந்தான். பத்தாவியாவில் அவர் வழக்கு எடுக்கப்படவே இல்லை. இன்று, நாளை என்று இழுத்தார்கள். அந்த ஊர்க் காய்ச்சல் காத்திருக்கவில்லை. செய்தி கொண்டுவந்த கப்பலில் அவருடைய வாளும் பெட்டியும் மட்டும் வந்தன.

செத்தவரை விசாரிக்க முடியாது. அவர் வழக்கு முடியாமல் அண்ணன் வழக்கைத் தொட முடியாது. சம்மதம் என்று அவர்களே சொன்னது. புது கவர்னர் மூன்று வக்கீல்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, சோறு போடுவது தண்டம் என்று அண்ணனை வெளியே தள்ளினார்.

நான்தான் கூட்டிவரப் போனேன். படகில் உட்கார்ந்தபின் செய்தியைச் சொன்னேன்.

"தீர்ப்பு வராமலே போயிட்டாரா?"

"ஆமாண்ணே. அவர் திருடன்னு எவனும் சொல்லல. அந்த மட்டும் நல்லதுதானே."

"அவர் எடுத்தார்டா. நான் பாத்தேனே." பிறகு மெதுவாகச் சொன்னான். "எடுத்தார், அடி வாங்கினார், அன்னிக்கே தீந்துபோச்சு. அதுக்குமேல எவன் தீர்ப்பு சொல்லணும்?"

ஊரில் எல்லோரும் கரையில் நின்றார்கள், கன்னம் ஒட்டிப்போய். மழை மாதம் பாதி கடந்திருந்தது. வெறும் சாகோக் கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கேவாங் இல்லாமல் ராஜா தொமாஸே சாசியைத் திறக்கப் பார்த்தாராம். ஜெபமெல்லாம் செய்தாராம். ஒருவர்கூட இறங்கவில்லை. கவர்னரே பிரம்படி வாங்கிய தண்ணீர், நாம் எப்படி இறங்குவது என்று பெண்கள் சொல்லிவிட்டார்களாம்.

செல்பீனா கூடையோடு நின்றாள். நான் கவர்னர் இறந்ததைச் சொன்னேன். "உங்க அண்ணனுக்கு அவர் பண்ணது பெருசுதான்" என்றாள். "எங்க கரையில பண்ணினதும் பெருசுதான். ஒண்ணை வெச்சு ஒண்ணை மூடாதீங்க." நான் மூடவில்லை. இரண்டையும்தான் இங்கே வைத்திருக்கிறேன்.

அண்ணன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஆற்று முகத்துக்கு நேரே நடந்து, முழங்கால் தண்ணீரில் நின்று ஜெபம் பண்ணினான். மீன் ஆற்றுக்குள் ஏறி, கொழுத்து, தண்ணீரே கறுத்துக் கிடந்தது. விதவைகளும் அப்பா இல்லாத பிள்ளைகளும் முதலில் என்றான். பிறகு மற்றவர்கள். ராஜா தொமாஸ் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"ராஜா," என்றான் அண்ணன், "உங்களுக்கு முன்னால இன்னும் ஆள் இருக்கு."

ராஜா பின்னால் போய் நின்றார். நான் அவருக்கும் பின்னால் நின்றேன்.